தாத்தாவின் கச்சேரி கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றுவதும் ரசிகர்களோடு பகிர்வதும்

கேள்வி இது: தாத்தா சேர்த்துவைத்த 200 கேசட்டுகள், 15 ஸ்பூல் டேப்புகள் (பெட்டி இல்லாத திறந்த சுருள் நாடாக்கள்), ஒரு கட்டு 78 சுழற்சி இசைத்தட்டுகள் வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் 1955 முதல் 1985 வரையிலான கர்நாடக இசைக் கச்சேரிகள். பாதி வானொலியிலிருந்து பிடித்தவை, பாதி சபாக்களில் பதிந்தவை. இவற்றைக் கெடுக்காமல் கணினிக்கு ஏற்றி, மற்ற ரசிகர்களோடு பகிர்ந்துகொள்வது எப்படி? சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 90 நிமிடக் கேசட் 200 என்றால் 300 மணி நேரம். ஒலிநாடாவை அதன் வேகத்தில் ஓடவிட்டுத்தான் பதிய முடியும். இரட்டை வேகத்தில் ஓட்டிப் பிறகு பாதியாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேல் சுரங்களின் மெருகு அதில் போய்விடும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பத்து மாத வேலை. ஆகவே வரிசை முக்கியம். ஸ்பூல்களும் சபாவில் நேரடியாகப் பதிந்த கேசட்டுகளும் முதலில், வானொலிப் பதிவுகள் அடுத்து. கடையில் வாங்கிய வணிகக் கேசட்டுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவற்றின் மூலநாடா பெரும்பாலும் வெளியிட்ட நிறுவனத்திடம் இருக்கும். தாத்தா பதிந்ததற்கு உலகத்தில் இந்த ஒரு பிரதிதான் இருக்கக்கூடும்.

எதையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் மூன்று வேலைகள். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள். அப்புறம் கைதவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஒவ்வொன்றுக்கும் 001, 002 என்று எண் கொடுத்துப் பெட்டியிலும் கேசட்டிலும் பென்சிலால் எழுதுங்கள். பிறகு உறை, உள்ளே இருக்கும் சீட்டு, கேசட்டின் இரு பக்கம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். தாத்தாவின் கையெழுத்தில் "மணி, டிசம்பர், அகாடமி" என்று மட்டும் இருந்தாலும் அது சான்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். "மணி" என்பது பாடகர் மதுரை மணியா, மிருதங்க வித்வான் பாலக்காட்டு மணியா என்று சொல்லத் தெரிந்தவர் இன்னும் சில வருடம் கழித்து இல்லாமல் போகலாம்.

இனி கருவி. கேசட்டைப் போட்டதும் யு.எஸ்.பி. வழியாக நேரே கணினிக்குப் போகும் என்று விற்கப்படும் சின்ன வாக்மேன் வகைப் பெட்டிகளை வாங்க வேண்டாம். அவற்றின் வேகம் நிலையாக இருக்காது, நாடாவைப் படிக்கும் ஹெட்டும் மலிவானது, தம்புரா தள்ளாடும். லைன் அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் துளை) உள்ள ஒரு பழைய கேசட் டெக் தேடுங்கள். ஆட்டோ ரிவர்ஸ் இல்லாததாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஹெட் திரும்பும் அமைப்பில் அதன் சாய்வு ஒரே நிலையில் நிற்பதில்லை. பழைய டெக்கில் ரப்பர் பெல்ட் இளகித் தார் போல ஒட்டியிருக்கும். பெல்ட்டை மாற்றி, ரப்பர் உருளையைச் சோதித்து வாங்க வேண்டும். அதிலிருந்து ஆர்.சி.ஏ. வயர் மூலம் லைன் இன் உள்ள, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், அதிலிருந்து கணினி. மடிக்கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். அது மைக்கின் மெல்லிய மின்னோட்டத்துக்காக அமைந்தது, பெரும்பாலும் ஒற்றைத் தடம் வேறு. டெக்கின் ஒலி அதில் கரகரத்து உடைந்துவிடும். ரீங்காரம் கேட்டால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதி வீடுகளில் அதோடு ஹம் நின்றுவிடும்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். சானிடைசர், ஷேவிங் லோஷன் எல்லாம் வேண்டாம். அவற்றில் இருக்கும் எண்ணெயும் வாசனையும் ஹெட்டில் படலமாக ஒட்டும்.

கேசட்டை முதல்முறை போடும்போது முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றி, அப்புறம் பதியுங்கள். பல வருடம் சுற்றாமல் கிடந்த நாடா ஒரு இடத்தில் இறுக்கமாகவும் ஒரு இடத்தில் தளர்வாகவும் இருக்கும். ஒருமுறை சுற்றினால் சீராகும். உள்ளே ஹெட்டுக்கு எதிரே ஒரு சிறு பட்டைத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். நாடா உருளையிலிருந்து பிய்ந்திருந்தால் செலோடேப் போட்டு ஒட்டவே கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். ஒலிநாடாவுக்கென்றே இருக்கும் ஸ்ப்ளைசிங் டேப் கிடைக்கிறது. 120 நிமிடக் கேசட்டுகளின் நாடா மிகமிக மெலிசு, 9 மைக்ரான் அளவுதான். அவற்றை வேகமாக முன்பின் ஓட்டாமல் நிதானமாகக் கையாளுங்கள், டெக்கிலிருந்து எடுக்கும்போது நாடா வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள்.

சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் பூஞ்சைதான் பெரிய எதிரி. கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரியும். அதை நல்ல டெக்கில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வையுங்கள். பிறகு முகக்கவசம் அணிந்து வெளித்திண்ணையில் மென்தூரிகையால் ஓரத்தைத் துடைத்து, போனால் போகட்டும் என்று ஒதுக்கிய ஒரு பழைய டெக்கில் ஒருமுறை ஓட்டிய பின்பே பதிய வேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள். அலமாரியில் அந்துருண்டையும் போடாதீர்கள். அதன் ஆவி கேசட் பெட்டியின் பிளாஸ்டிக்கை இளக்கும்.

ஹெட்டின் சாய்வு: பெரும்பாலோர் தவறவிடும் இடம்

ஒரு கேசட் எந்த டெக்கில் பதியப்பட்டதோ அந்த டெக்கின் ஹெட் நின்ற கோணத்திலேயே உங்கள் ஹெட்டும் நின்றால்தான் மேல் ஒலிகள் முழுக்க வரும். துளி கோணம் மாறினாலும் வயலின் போர்வை போர்த்தியது போல் கேட்கும். கேட்பவர்கள் "பழைய கேசட்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ஹெட்டின் இரு பக்கமும் திருகாணி இருக்கும். ஸ்பிரிங் உள்ள பக்கத்துத் திருகாணிதான் கோணத்தை மாற்றுவது. ப்ளே ஓடும்போது கதவுக்கு மேலேயோ கீழேயோ ஒரு துளை வழியே அதைத் தொடலாம். முதலில் பேனாவால் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தடத்தையும் ஒன்றாக்கி மோனோவில், ஹெட்போனில் கேளுங்கள். பாடகர் 'ச', 'ஸ' உச்சரிக்கும் இடம், கடத்தின் விரல் நுனிச் சொல், தம்புராவின் ஜீவா (தந்தியடியில் வைக்கும் நூல் தரும் ரீங்காரம்) இவற்றில் கவனம் வைத்து, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பினால் ஒரு புள்ளியில் திரை விலகியது போல் ஒலி பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். பக்கம் 1-க்கும் பக்கம் 2-க்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். ஒரு கேசட்டுக்கு இரண்டு நிமிட வேலை. இந்த வேலை முழுவதிலும் இதைவிடப் பலன் தரும் இரண்டு நிமிடம் வேறில்லை.

இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை எப்போதும் போட்டபடியே வைக்கக் கூடாது. உறையில் டால்பி பி என்று குறித்திருந்தால் மட்டும் போடுங்கள். இல்லாத கேசட்டுக்குப் போட்டால் ஒலி அமுங்கும். வீட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை சாதாரண வகை நாடா. குரோம் வகை என்றால் தாவல்களுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பள்ளம் இருக்கும்.

பதிவின் அளவு: கேசட்டுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. வரும். ஸ்பூலுக்கும் இசைத்தட்டுக்கும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். மணிக்கு 2 ஜி.பி. ஃப்ளாக் ஆகச் சேமித்தால் தரம் குறையாமல் இடம் பாதியளவுக்கு இறங்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் முழுச் சேகரமும் 1 டெராபைட் வட்டில் தாராளமாக அடங்கும். ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அமையுங்கள். தொடக்கத்தில் வரும் வர்ணத்தைக் கேட்டு அளவு வைத்துவிட்டுப் போனால், தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் 'தொம்' மேலே முட்டி வெட்டுப்படும். ஆகவே அளவு பார்க்க நேரே தனிக்குப் போய்ப் பாருங்கள். 24 பிட்டில் அளவு தாழ்வாக இருப்பதால் நஷ்டமே இல்லை. கேசட்டின் சொந்த இரைச்சல் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது. கணினியில் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஸ்பூலும் இசைத்தட்டும்

ஸ்பூல்களை அனுபவமில்லாமல் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. 15 மட்டும் இருப்பதால் தேர்ந்தவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுக்கும் முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட், பழையது. காடி வாசனை வந்தால் சிதையத் தொடங்கிவிட்டது, அதற்குத்தான் முதல் இடம். ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். 1970-களின் நடுவிலிருந்து வந்த, பின்புறம் கறுப்புப் பூச்சு கொண்ட சில பாலியெஸ்டர் நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சி ஹெட்டில் பிசுக்காக ஒட்டும், கீச்சிடும். அவற்றை 54 டிகிரி அளவில் பல மணி நேரம் கட்டுப்பாட்டோடு சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். அதே சூட்டை அசிடேட்டுக்குக் கொடுத்தால் நாடாவே நாசமாகும். வீட்டு அடுப்பில் இதை முயலவே வேண்டாம். வேகமும் தடமும் பலவிதம்: வீட்டு ஸ்பூல்கள் பெரும்பாலும் நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் அல்லது 19 சென்டிமீட்டர். இடத்தை மிச்சப்படுத்த ஒரே நாடாவில் நான்கு தடமாக நான்கு வேறு கச்சேரிகளைப் பதிந்தவர்களும் உண்டு. "முன்னும் பின்னும் எல்லாத் தடத்தையும் தனித்தனியே எடுத்துத் தாருங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

78 சுழற்சித் தட்டு ஷெல்லாக்கால் ஆனது. ஆல்கஹால் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு விட்டுக் கழுவி, நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள், நடுவில் உள்ள காகிதம் நனையக் கூடாது. எல்.பி. தட்டின் ஊசியை இதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உருண்டு வெறும் கரகரப்பைத்தான் தரும். 78-க்கு மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) பருமனுள்ள தனி ஊசி வேண்டும். ஸ்டீரியோவாகப் பதிந்து, பிறகு இரு தடத்தையும் ஒன்றாக்கினால் மேலும் கீழுமாக ஆடும் இரைச்சலில் ஒரு பங்கு தானே கழிந்துவிடும். ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம். பாட்டு மறுபக்கத்தில் தொடரும். இரண்டையும் தனிக் கோப்பாகவே வைத்து, ஒட்டிய பிரதியை வேறாகச் செய்யுங்கள். காகிதத்தில் இருக்கும் எண்ணோடு, காகிதத்துக்கும் பள்ளங்களுக்கும் இடையே பொறித்திருக்கும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவான காலத்தைத் தேட அதுதான் துப்பு.

சுருதி சரியா?

ரசிகர்களிடையே சுற்றும் பழைய பதிவுகளில் கணிசமானவை தவறான சுருதியில் இருக்கின்றன. 1963-இல்தான் கேசட்டே உலகில் அறிமுகமானது. ஆகவே 1950-களின் கச்சேரி கேசட்டில் இருந்தால் அது ஸ்பூலிலிருந்து எடுத்த நகல், நகலின் நகலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு நகலிலும் ஒரு கருவியின் வேகப் பிழை சேர்ந்துகொள்ளும். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை (ஒரு சுரஸ்தானம்) ஏறிவிடும். அரைக் கட்டை ஏறிய பாடகர் இளமையாகவும் அவசரமாகவும் கேட்பார். பிருகாக்கள் (விரைவுச் சுரக்கோவைகள்) இயல்பை மீறிப் பறக்கும். அவருடைய காலப்பிரமாணமே இதுதான் என்று கேட்பவர் நம்பிவிடுவார். பாடியவருக்குச் செய்யும் அநியாயம் அது.

சரிபார்க்கும் வழி: தம்புரா தெளிவாகக் கேட்கும் இடத்தை எடுத்து ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அதிர்வெண் பாருங்கள். 1 கட்டை 130.8 ஹெர்ட்ஸ், 1½ கட்டை 138.6, 2 கட்டை 146.8, பெண்குரலில் வழக்கமான 5 கட்டை 196. ஆண் பாடகர் பலர் 1-க்கும் 2-க்கும் இடையில் பாடியவர்கள். எம்.டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதிக்குப் பேர்போனவர். அவர் 2 கட்டையில் கேட்டால் நாடா வேகமாக ஓடுகிறது என்று உடனே சந்தேகப்படலாம். ஆனால் ஒரே பாடகரின் சுருதி வயதோடு இறங்கும் என்பதால், அதே சில வருடங்களைச் சேர்ந்த, நம்பகமான இன்னொரு பதிவோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். 130.8 இருக்க வேண்டிய இடத்தில் 141 வந்தால் 130.8-ஐ 141-ஆல் வகுங்கள், 0.928. அதாவது 7.2 சதவீதம் மெதுவாக்க வேண்டும். இதற்கு வேகத்தை மாற்றும் கட்டளையையே பயன்படுத்துங்கள். தாளத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் இறக்கும் கட்டளை தவறு. பிழை வேகத்தில் நடந்ததால் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கின்றன, சேர்ந்தே திரும்ப வேண்டும்.

நாடாவில் பதிந்திருக்கும் மின்சார ரீங்காரத்தை அளவுகோலாக வைத்து, 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது 52 ஆக இருக்கிறதே என்று திருத்துபவர்களும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் அந்தக் காலத்தில் நம் மின்சாரம் 50-இல் நிலையாக நின்றதில்லை. 49-க்குக் கீழேயும் இறங்கும். துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

இன்னொரு வகைப் பிழை தொல்லையானது. சபாவில் பேட்டரி ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிந்த கச்சேரியில், பேட்டரி தளரத் தளர நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதை இப்போது சரியான வேகத்தில் போட்டால் கச்சேரி போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு இடமாகத் தம்புராவை அளந்து எழுதுங்கள். தொடக்கத்துக்கு ஒரு சதவீதம், முடிவுக்கு ஒரு சதவீதம் என்று கொடுத்துப் படிப்படியாக மாற்றும் வசதி ஆடாசிட்டியில் உண்டு.

இரைச்சல் நீக்கம்: குறைவே நிறைவு

மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. எந்தச் சுத்திகரிப்பும் நகலில்தான். இரைச்சல் நீக்கும் மென்பொருள் பாட்டு இல்லாத ஒரு துண்டைக் காட்டச் சொல்லும். அதில் கேட்பது எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். நம் கச்சேரியில் பாட்டு நின்றாலும் தம்புரா நிற்பதில்லை. ஆகவே அந்த மென்பொருள் கச்சேரி முழுக்கத் தம்புராவை இரைச்சல் என்று தேடித் தேடித் துடைக்கும். பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும் எத்தனையோ பதிவுகள் இப்படி உண்டானவைதான். தம்புரா மீட்டத் தொடங்கும் முன் கிடைக்கும் வெற்று நாடா ஒலியை மட்டும் மாதிரியாகக் கொடுங்கள், அதிலும் 6 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள்.

ஹம் நீக்குவதிலும் இதே ஆபத்து. 50, 100, 150 ஹெர்ட்ஸ்களை வெட்டுவார்கள். 1 கட்டைத் தம்புராவின் பஞ்சமத் தந்தி 98 ஹெர்ட்ஸ். 100-இல் கொஞ்சம் அகலமாக வெட்டினாலும் பஞ்சமம் காணாமல் போகும். வெட்டு ஊசிமுனை போல ஒடுக்கமாக இருக்க வேண்டும். இசைத்தட்டின் 'டிக்' ஒலிகளைத் தானாக நீக்கும் மென்பொருளுக்குக் கடத்தின் சொல்லும் மோர்சிங்கின் தெறிப்பும் 'டிக்' மாதிரியே தெரியும். தனி ஆவர்த்தனப் பகுதியில் அதை ஓட்டாமல், பெரிய வெடிப்புகளை மட்டும் கையால் நீக்குங்கள்.

வானொலிப் பதிவுகள் மோனோ. ஸ்டீரியோ டெக்கில் இரண்டு தடமாக வரும். ஹெட் சாய்வு சரியாக இருந்தால் சேர்த்து ஒன்றாக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டில் தெளிவான தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; பிசகிய இரண்டைச் சேர்த்தால் ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும்.

கேசட் திருப்பிய இடத்தில் ஆலாபனை அறுந்திருக்கும். அறுந்ததை ஒட்டி மறைக்காதீர்கள். ஒரு நொடி மௌனம் விட்டுக் குறிப்பில் எழுதுங்கள். இன்னொரு ரசிகரிடம் அதே கச்சேரியின் வேறு பதிவு இருந்தால், அவருடைய ரெக்கார்டர் வேறு இடத்தில் திருப்பப்பட்டிருக்கும். இரண்டையும் வைத்து முழுக் கச்சேரியை மீட்கலாம். பகிர்தலின் பெரும்பயன் அங்கேதான். அப்படி ஒட்டும் முன் இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

யார், எங்கே, எப்போது

சுருதி சேர்ப்பது, அறிவிப்பாளர் குரல், பாடகர் பக்கவாத்தியக்காரரிடம் சொல்லும் 'பேஷ்', கைதட்டல் எதையும் வெட்டாதீர்கள். வானொலி அறிவிப்பில்தான் பெயர்கள் இருக்கும். அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய தேதி போட்ட "தேசிய நிகழ்ச்சி" கேசட் வந்தால் தேதி தவறு. தேதிகளைச் சலிக்கக் கலைஞர்கள் மறைந்த ஆண்டுகள் நல்ல சல்லடை. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962, ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965, அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் டி. சௌடையாவும் 1967, மதுரை மணி ஐயர் 1968, செம்பை வைத்தியநாத பாகவதர் 1974, பாலக்காட்டு மணி ஐயர் 1981, எம்.டி. ராமநாதன் 1984. உறையில் 1970 என்று எழுதி உள்ளே அரியக்குடி பாடினால், அது நகல் எடுத்த வருடம். சௌடையாவின் ஏழு தந்தி வயலினின் கனத்த நாதம் கேட்டால் பக்கவாத்தியம் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முடிவில் மேற்கத்திய மெட்டில் 'இங்கிலீஷ் நோட்' வந்தால் மதுரை மணி ஐயரை நினைக்கலாம். ஆனால் அவர் வழியில் வந்தவர்களும் அதைப் பாடுவதுண்டு, குரலை ஒப்பிடுங்கள்.

எண் மாறிக் கலந்துபோன கேசட்டுகளைக் கச்சேரியின் பத்ததியே வரிசைப்படுத்தித் தரும். வர்ணத்தில் தொடங்கும் பக்கம் முதலாவது, தனி உள்ளது நடு, முடிவில் பாடும் சிறு உருப்படிகளான துக்கடாக்களும் "நீ நாம ரூபமுலகு" மங்களமும் உள்ளது கடைசி. இரண்டு பக்கத்துச் சுருதியும் அரங்கின் எதிரொலியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால், ஒரே கச்சேரியா இரண்டா என்பதும் தெரியும்.

பட்டியலை ஒரு விரிதாளில் போடுங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதினால் கணினி தானே அடுக்கும்; மாதமும் நாளும் தெரியாவிட்டால் 1963-00-00. பாடகர், வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம் (கடம், கஞ்சிரா போன்றவை), இடம், சபா அல்லது வானொலி நிலையம், கேசட் எண், எத்தனையாவது நகல், நீங்கள் செய்த திருத்தங்கள் என்று பத்திகள் வையுங்கள். உருப்படிகளுக்குத் தனித்தாள்: "ஓ ரங்கசாயி, காம்போதி, ஆதி, தியாகராஜர், ஆலாபனை, நிரவல், ஸ்வரம்". ராகம் இல்லாமல் பல்லவியை மட்டும் எழுதினால் பயனில்லை, "நின்னே நம்மி" என்று தொடங்கும் உருப்படிகள் பல. எழுத்துமுறையில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். காம்போதி, காம்போஜி இரண்டும் சரிதான், ஆனால் பட்டியலில் இரண்டும் இருந்தால் தேடும்போது பாதி கிடைக்காது. உறுதியில்லாத விவரத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஒருவர் ஊகமாக எழுதியது பத்துக் கை மாறியதும் வரலாறாகிவிடுகிறது, திருத்துவது பெரும்பாடு.

பகிர்வதும் சட்டமும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 சொல்வதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை. 1960-இல் வெளிவந்த தட்டு 2020 முடிவோடு விடுபட்டது, 1970-இல் வந்தது 2030 முடிவுவரை கட்டுப்பட்டது. சபாவில் பதிந்து வெளியிடப்படாமலே இருக்கும் கச்சேரிக்கு அந்த 60 ஆண்டுக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு, ஒலிபரப்பிய நிறுவனத்துக்கு 25 ஆண்டு. இயற்றியவருக்கு வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்கு இது பொருந்தாது. ஆனால் பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர், அவர் பாடல்கள் 2033 முடிவுவரை உரிமைக்கு உட்பட்டவை. சொந்த உபயோகத்துக்கும் ஆய்வுக்கும் பதிந்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பொதுவெளியில் ஏற்றுவது அதில் சேராது. ஆக, வணிக வெளியீடுகளைப் பகிராதீர்கள். வெளிவராத கச்சேரி என்றால் கலைஞரிடமோ அவர் குடும்பத்திடமோ முதலில் கேளுங்கள், கூடவே ஒரு நல்ல பிரதியையும் கொடுங்கள். தங்கள் பாட்டனார் பாடிய கச்சேரியின் ஒரு நாடாகூடக் கையில் இல்லாத குடும்பங்கள் உண்டு. பெரிய அளவில் திறந்துவைக்க நினைத்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ரசிகர்களுக்குள் கொடுக்கல் வாங்கலில் ஃப்ளாக் கொடுங்கள், இடம் நெருக்கடி என்றால் 192 கிலோபிட் எம்.பி.3. எம்.பி.3-ஐ மறுபடி எம்.பி.3 ஆக மாற்றினால் ஒவ்வொரு முறையும் தரம் இறங்கும். வெட்டவோ ஒட்டவோ வேண்டுமானால் மூலத்திலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் கோப்பின் பெயர் அப்படியே போகும். ஆடியோவாக அனுப்பினால் பெயர் மாறி யாருடையது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு கச்சேரிக் கோப்புறையிலும் ஒரு உரைக்குறிப்பு வையுங்கள்: எந்த நாடாவிலிருந்து, எந்த டெக்கில், எத்தனை சதவீத வேகத் திருத்தம், எங்கே அறுந்திருக்கிறது. கொடுத்தவர் பெயரைப் போட அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நடுவில் உங்கள் குரலையோ முத்திரை ஒலியையோ சேர்க்காதீர்கள். காசுக்குக் கொடுக்காதீர்கள், காசு வந்த இடத்தில் நாடாக்களை வெளியே எடுக்கவே பலர் தயங்குவார்கள். பிறரிடம் இரவல் வாங்கினால் ஒரு நேரத்தில் ஐந்து கேசட், கையால் வாங்கிக் கையால் திருப்பித் தருவது. கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

மூன்று பிரதிகள் வேண்டும்: வீட்டில் ஒரு வட்டு, அதன் நகல் ஒன்று, வேறு ஊரில் உறவினர் வீட்டில் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டை இணைத்துச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். 2000-களில் எழுதிய சி.டி.க்கள் இருந்தால் கேசட்டுக்கு முன்பே அவற்றை நகலெடுங்கள்; நல்ல கேசட்டைவிட மலிவான சி.டி. சீக்கிரம் படிக்க முடியாமல் போகிறது.

ஏற்றி முடித்ததும் நாடாக்களைத் தூக்கிப் போட வேண்டாம். நாளை இதைவிட நல்ல டெக் கையில் கிடைக்கலாம். கேசட்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். வீட்டில் இடமில்லை என்றால், குருகிராமில் அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் 1982 முதல் நடத்திவரும் இசை ஆவணக் காப்பகம் தனியார் சேகரங்களைக் கொடுப்பவரின் நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்ளும். யார் கேட்கலாம், யார் நகலெடுக்கலாம் என்பதை எழுத்தில் நீங்களே வகுத்துக் கொடுக்கலாம். எந்தக் காப்பகமானாலும் முதலில் உங்கள் விரிதாளை அனுப்புங்கள். ஏற்பதா வேண்டாமா என்பதை அவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.